பன்றிக்காய்ச்சல் ஊசியும் மூண்டு கட்டும்

9 நவம்பர் 2009, திங்கள்

லண்டன் மழை. கோலியர்ஸ் வுட் ஸ்டேஷனுக்குப் போறதுக்குள்ளையே சப்பாத்து ஊறிப்போச்சு. வயித்திலை பிள்ளை, ஐஞ்சாம் மாசம். படி ஏற மூச்சு வாங்குது.

வேலை: பன்றிக்காய்ச்சல் ஊசியைப் பற்றி அரபுச் சனம் இணையத்திலை என்ன சொல்லுது எண்டு கம்ப்யூட்டருக்குப் பழக்கிறது. பக்கத்து மேசை சாமியா, சூடான்காரி, ஒவ்வொரு பதிவா வாசிச்சு 'ஆதரவு', 'எதிர்ப்பு' எண்டு ரெண்டு கட்டாப் பிரிக்கிறா. அதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் படிக்கும். புரோகிராம் எழுதினது நான். எனக்கு அரபு ஒரு எழுத்தும் தெரியாது.

வீட்டிலை ஜீபி டொக்டரின்ர கடிதம். பிள்ளைத்தாச்சியளுக்கும் ஊசியாம். இவர்: "அவசரத்திலை செய்த மருந்து. வேண்டாம், சொல்லிப்போட்டன்."  எனக்கு ஊசிக்கும் பயம், காய்ச்சலுக்கும் பயம்.

வாங்க: வெங்காயம், கறித்தூள், இவருக்குக் கிளவுஸ்.

11, புதன்

சனியன் பிடிச்ச கம்ப்யூட்டர். "ஊசி போட்டாச்சு, சுகமா இருக்கிறன், கடவுளே காப்பாற்று" எண்டு எழுதின மனிசியை எதிர்ப்பிலை போட்டிருக்கு! எதிர்ப்புக் கட்டிலை கனபேர் பயத்திலை கடவுளைக் கூப்பிட்டவை. அதைப் பார்த்து, கடவுள் பேர் வந்தாலே எதிர்ப்பு எண்டு படிச்சுப்போட்டுது.

சாமியா விழுந்து விழுந்து சிரிச்சா. "நாங்கள் பஸ் ஏறேக்கையும் அதைச் சொல்லுவம், ரஞ்சி."

பிறகு முழுக்கட்டையும் திரும்ப முதலிலை இருந்து பார்த்தா. வாய்விட்டு வாசிச்சு, எழுதின ஆள் எந்தக் குரலிலை சொல்லியிருக்கும் எண்டு யோசிச்சு யோசிச்சு. என்ன பொறுமையப்பா.

13, வெள்ளி

சாமியா மூண்டாம் கட்டு துவங்கிட்டா. 'கேள்வி'. "இவை எதிர்ப்பில்லை. பயத்திலை கேக்கினம். ஒருத்தரும் பதில் சொல்லேல்லை."

எதிர்ப்புக் கட்டு மெலிஞ்சுபோச்சு. நாங்கள் திரும்பப் பழக்கினம். இப்ப கம்ப்யூட்டர் தானாவே கேள்வியைப் பிரிச்செடுக்குது. எனக்குப் புல்லரிச்சுது. சாமியாவுக்குக் கோயில் கட்டலாம்.

பின்னேரம் தேத்தண்ணியோட இவரிட்டைக் கேட்டன்: "ஏனப்பா வேண்டாம்?" கோப்பையைக் கீழை வைச்சார். பிறகு, "பிள்ளைக்கு ஏதும் செய்யுமோ?"

அட. இந்த மனிசன் மூண்டாம் கட்டு!

17, செவ்வாய்

வெயில், ஆனால் நல்ல குளிர். கிளினிக். இவர் லீவு போட்டு வந்தவர், கேள்வியளைக் கடுதாசித் துண்டிலை எழுதிக்கொண்டு. நர்ஸ் அவசரப்படேல்லை. ஒவ்வொண்டுக்கும் பதில். இவர் துண்டை மடிச்சுப் பொக்கற்றிலை வைச்சிட்டு என்னைப் பார்த்தார். "ஓம். போடுவம்."

இடக்கையை நீட்டினன். வலக்கையை இவர் இறுக்கிப் பிடிச்சார். ஊசி ஏறேக்கை இவர் கண்ணை மூடிக்கொண்டு, "முருகா, காப்பாற்று."

போன புதன்கிழமைக் கம்ப்யூட்டர் எண்டால் இவரை எதிர்ப்பிலை போட்டிருக்கும்.