கத்தி உங்களைக் கொல்லவில்லை

அண்ணே,

நேற்று விராலிமலைச் சந்தைக்குப் போய்விட்டு, திரும்பி வர பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றேன். எதிரே புதிதாகச் சுண்ணாம்பு அடித்த ஒரு கட்டடம். வாசலில் ‘இயற்கை வைத்தியசாலை’ என்று போர்டு. திறந்த கதவு வழியாகப் பார்த்தால் சுவரில் உங்கள் போட்டோ. சந்தனப் பொட்டு, கதம்ப மாலை, ஊதுவத்திப் புகை. சர்வே ஆபீஸில் நிலம் அளக்கிறவராக இருந்தபோது கோட்டும் தலைப்பாகையுமாக எடுத்துக்கொண்டீர்களே, அதுதான். உங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்கியதை மதினிதான் கொடுத்திருக்கிறார். அதுகூடப் போகட்டும். அடியில் எழுதியிருந்ததைப் படித்தபோதுதான் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ‘கத்திக்குப் பலியான நம் வைத்தியர்’ என்று எழுதியிருக்கிறான்.

எழுதியது யார் தெரியுமா? சர்க்கரை வியாதிக்காரப் பெண்ணொருத்தியைப் பட்டினி போட்டே சாகடித்தவன். எவனைத் தடுக்க வேண்டுமென்று நீங்கள் சட்டம் கேட்டு அலைந்தீர்களோ அவன்தான் உங்களுக்கு மாலை போட்டிருக்கிறான். வயிற்று வலியென்று வருகிறவர்களிடம் அந்தப் படத்தைக் காட்டி, ஆஸ்பத்திரிக்குப் போனால் இவர் கதிதான் என்கிறானாம். பக்கத்தில் வெற்றிலைக் கடை வைத்திருக்கிற அம்மாள் சொன்னாள். எனக்கு அழுகை வரவில்லை அண்ணே, ஆத்திரம்தான் வந்தது. அவன்மேல் பாதி, உங்கள்மேல் பாதி.

நடந்தது நடந்தபடி தெரிந்தவர்கள் நீங்களும் நானும் மதினியும்தான். நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். மதினி அதைப் பேச விடுவதில்லை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

அன்னவாசலுக்கு வெளியே உங்கள் தோட்டத்துக்கு நான் கரப்பானோடுதான் வந்தேன். முழங்கையிலிருந்து விரல்வரை வெடித்து நீர் வடியும். புருஷனும் போய், புகுந்த வீட்டில் எனக்கென்று ஒரு தட்டை ஒதுக்கி வைத்திருந்த காலம். நீங்கள் கையைத் தொட்டுப் பார்த்தீர்கள். அந்தக் கையை யாரும் தொட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. உப்பை நிறுத்தினீர்கள், புளியை நிறுத்தினீர்கள். வெள்ளைப்பூசணிச் சாறும் காலை வெயிலும் ஈரத்துணிப் பட்டியும் புற்றுமண் பூச்சும்தான் வைத்தியம். கோடை முடிவதற்குள் கை கையாகிவிட்டது. புகுந்த வீட்டுக்குத் திரும்பிப் போக எனக்கு மனமில்லை. உங்களுக்கும் ஓர் ஆள் தேவைப்பட்டது. இடுப்பளவு தண்ணீர்த் தொட்டியில் உட்கார வேண்டுமென்றால் எந்தப் பெண் ஆம்பிளை வைத்தியரிடம் வருவாள்? பெண்கள் பக்கத்தை நான் பார்த்துக்கொண்டேன்.

ஊருக்கெல்லாம் உப்பில்லாப் பத்தியம் சொல்லிவிட்டு, மதினி ஜாடியில் போட்டு வைத்திருக்கும் நார்த்தங்காயை அடுப்படியில் நின்றபடியே திருட்டுத்தனமாகத் தின்பீர்கள். நான் பார்த்துவிட்டால், ‘பரிசோதனைத்தா, பரிசோதனை’ என்பீர்கள். சிரிக்காமல் சொல்வீர்கள். அதனால்தான் எனக்குச் சிரிப்பு வரும்.

நிலம் அளக்கிற வேலையை விட்டாலும் அந்தப் புத்தி உங்களை விடவில்லை. எதற்கும் எல்லை கேட்பீர்கள். அந்தச் சர்க்கரை வியாதிப் பெண் செத்தபோது, எவனோ செய்ததற்கு நம் தோட்டத்து வேலியைப் பிய்த்து எறிந்தார்கள். நீங்கள் வேலியைப் பற்றிக் கவலைப்படாமல் அந்தப் பெண் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனீர்கள். அங்கே என்ன சொன்னார்களோ தெரியாது. திரும்பி வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவர், ‘கல்லு நடாத எடத்துலதான் ஆத்தா வெட்டுக்குத்து வரும்’ என்றீர்கள். மறுநாளே மனு எழுத ஆரம்பித்தாயிற்று.

இயற்கை வைத்தியம் செய்கிறவர்களுக்கு ஒரு பரீட்சை வேண்டும், புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் பதிவு வேண்டும், பதிவில்லாதவன் போர்டு மாட்டக் கூடாது. இவ்வளவும் எல்லோரும் ஒப்புக்கொள்கிற சங்கதிதான். அதோடு நீங்கள் இன்னொரு விதியையும் சேர்த்தீர்கள். வலது அடிவயிற்றில் வலியோடு காய்ச்சலும் வாந்தியும் கண்டால், மண் பட்டி போடக் கூடாது, எனிமா கொடுக்கக் கூடாது, பட்டினி போட்டு வைத்துக்கொள்ளவும் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாதவன் பெயரைப் பதிவிலிருந்து அடித்துவிட வேண்டும்.

கீரனூர், திருமயம், ஆலங்குடிப் பக்கமிருந்தெல்லாம் வைத்தியர்கள் புதுக்கோட்டைச் சத்திரத்தில் கூடினார்களே, அன்றைக்கு இந்த விதியில்தான் சண்டை மூண்டது. நம் வைத்தியத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. குணமாவதற்கு முன்னால் நோய் ஒரு தடவை ஏறி அடிக்கும், உள்ளே கிடந்த அழுக்கு கிளம்புகிறது, பயப்படாதே, விடாமல் செய் என்பார்கள். என் கரப்பானும் அப்படித்தான் ஏறி அடித்துவிட்டு அடங்கியது. ஆனால் எல்லா ஏற்றமும் அழுக்குக் கிளம்புகிற ஏற்றமில்லை என்று நீங்கள் சொன்னதை அவர்களால் தாங்க முடியவில்லை. நம் கையை நாமே கட்டிக்கொள்வதா என்று பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள். நீங்கள் இருக்கிறவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தீர்கள்.

பிறகு எத்தனை நடை! யுத்த காலம், பெட்ரோல் கிடையாது. முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்கிவரும் பஸ்ஸில் ஏறி, சட்டசபை மெம்பர் வீட்டுக்குப் போவீர்கள். கரியும் புழுதியுமாகத் திரும்பி வந்து, ‘இன்னைக்கு வாசல்ல நாற்காலி போட்டாங்க’ என்று சந்தோஷப்படுவீர்கள். கடைசியில் மெம்பர் மனசு வைத்தார். ஒரு கமிட்டி வந்து தோட்டத்தைப் பார்க்கும், விதிகளைக் கேட்கும், வியாழக்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

அந்த வாரம் திங்கட்கிழமைதான் உங்களுக்கு வலி வந்தது.

முதலில் கல்யாண வீட்டுப் பலாப்பழம் என்றீர்கள். பட்டினி கிடந்தீர்கள். மதியம் கிணற்றடிப் பக்கம் போய் வாந்தி எடுத்ததை நான் பார்த்தேன். சாயங்காலம் நடக்கும்போது வலது காலை மடக்கி மடக்கி வைத்தீர்கள். எத்தனை பெண்களை இதே நடையைப் பார்த்துவிட்டு நாம் பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறோம்! நெற்றியைத் தொட்டேன், கொதித்தது.

மதினியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். மதினி அழுதார், திட்டினார், உங்கள் காலைக்கூடப் பிடித்தார். செவ்வாய்க்கிழமை காலையில் நானே பக்கத்துத் தோட்டத்தில் கேட்டு மாட்டு வண்டியைக் கட்டச் சொல்லி வாசலில் நிறுத்தினேன்.

“வாங்கண்ணே, வண்டி நிக்குது.”

“போகச் சொல்லு. அழுக்குக் கெளம்புது, தானா அடங்கிரும்.”

“இதே மாதிரி ஒரு பொம்பளை வந்தா என்ன செய்வீங்க?”

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னீர்கள்.

“அனுப்பிருவேன். ஆனா நான் போனா என்னாகும்னு ரோசிச்சுப் பாரு. கமிட்டி வர்ற நேரத்துல வைத்தியன் கத்திக்குப் படுத்துக் கெடக்கான்னா, மனுவைப் பிரிச்சே பாக்க மாட்டாங்க. வியாழக்கெழமை சாயந்தரம் போறேன். அதுவரைக்கும் தாங்கும்.”

தாங்காது என்று கத்தினேன். உங்களைப் பார்த்து நான் குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான். நீங்கள் அந்த வலியிலும் சிரித்தீர்கள்.

“எனக்கு உத்தரவு போட நீ யாருத்தா? இன்னும் சட்டம் வரலையே.”

அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உங்களை அடிக்க வேண்டும்போல் இருக்கிறது. வண்டிக்காரர் வெகுநேரம் காத்திருந்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரிக்கு நான் சொல்லியனுப்பிய ஆளைப் பஸ் நிற்கிற இடத்திலேயே மடக்கித் திருப்பி அழைத்துவரச் செய்ததும் நீங்கள்தான்.

புதன்கிழமை காலையில் வலி நின்றுவிட்டது. பட்டென்று நின்றது. எழுந்து உட்கார்ந்து இளநீர் கேட்டீர்கள். “பாத்தியா?” என்றீர்கள். மதினி சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், வீணாக எல்லோரையும் பயமுறுத்தினாயே என்ற கேள்வி இருந்தது. நானும் நம்பினேன் அண்ணே. நம்ப வேண்டுமென்று ஆசையாக இருந்தது. உள்ளே குடல்வால் உடைந்துவிட்டால் அப்படித்தான் கொஞ்ச நேரம் வலி விட்டுக்கொடுக்கும் என்று பிறகு டாக்டர் சொல்லித்தான் தெரியும். அது உங்களுக்குத் தெரிந்திருந்ததா என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

வியாழக்கிழமை கமிட்டி காரில் வந்தது. மெம்பரும், ஓர் அதிகாரியும், ஆஸ்பத்திரி டாக்டரும். நீங்கள் சவரம் செய்து, வெளுத்த வேட்டி கட்டி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். முகம் சாம்பல் பூத்திருந்தது. உதடு காய்ந்து, நெற்றியில் வேர்வை அரும்பி அரும்பி இறங்கியது. விதிகளை நானே படிக்கிறேன் என்று பிடிவாதமாக வாங்கிக்கொண்டீர்கள். வயிற்று வலி விதிக்கு வந்தபோது குரல் கம்மியது. டாக்டர் குனிந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார். உங்களைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து வந்து உங்கள் வயிற்றில் கை வைத்தார். வயிறு பலகையாக இருந்தது.

“எப்ப வந்துச்சு?” என்றார்.

திங்கட்கிழமை என்று நான்தான் சொன்னேன். அவர் கையில் இருந்த பேனாவை மூடக்கூட மறந்துவிட்டார். நல்ல மனுஷர். உங்களைக் கேலி பேசுவார் என்று பயந்திருந்தேனே, அவர்தான் உங்கள் தோளைத் தாங்கிக் கமிட்டிக் காரிலேயே ஏற்றினார். காரில் என் மடியில் உங்கள் தலை. ‘விதி முழுசையும் படிச்சு முடிச்சேனா?’ என்று கேட்டீர்கள். முடித்துவிட்டீர்கள் என்றேன். பொய்தான். கடைசி வரிக்கு நீங்கள் வரவே இல்லை.

அன்று மாலையே வயிற்றைத் திறந்தார்கள். உள்ளே எல்லாம் சீழ் பரவியிருந்ததாம். சனிக்கிழமை விடியும்போது போய்விட்டீர்கள்.

மனுவைப் பற்றி ஒரு பதிலும் வரவில்லை. மெம்பரிடம் மதினிக்காக ஒரு தடவை கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். இப்போது கேட்கவும் இடமில்லை. சமஸ்தானமே இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. நாம் திருச்சி ஜில்லாக்காரர்கள் ஆகிவிட்டோம். நீங்கள் யாரிடம் எல்லைக்கல் கேட்டு நடந்தீர்களோ அந்த அரசாங்கமே இல்லை. போர்டு மாட்டுகிறவர்கள் மட்டும் பெருகிக்கொண்டே இருக்கிறார்கள்.

நான் தொட்டிக் குளியலும் மண் பட்டியும் விடவில்லை. தெரிந்த பெண்களுக்கு மட்டும் செய்கிறேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு காலை மடக்கி யாராவது வந்தால் அவர்களிடம் உங்கள் கதையைச் சொல்கிறேன். “எங்கண்ணன் பெரிய வைத்தியரு. இதே வலி. என்னன்னு தெரிஞ்சும் ஆஸ்பத்திரிக்குப் போகலை, அதான் செத்தாரு. நீ பஸ் ஏறு” என்கிறேன். விதி, சட்டம் என்றால் யாருக்கும் புரிவதில்லை. ஒரு வைத்தியரே இப்படிச் செத்தார் என்றால் உடனே மூட்டை கட்டிவிடுகிறார்கள். கட்டுமாவடியிலிருந்து கருவாடு கொண்டுவருகிறவளின் மகள் அப்படிப் போனவள்தான். தையல் போட்ட வயிற்றோடு வந்து என்னிடம் காட்டிவிட்டுப் போனாள்.

இது மதினி காதுக்கு எட்டிவிட்டது. ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“ஏத்தா, எம்புருசன் தெரிஞ்சே செத்தாருன்னு ஊர் ஊராச் சொல்லிக்கிட்டுத் திரியிறியாமே. கத்தி கொன்னுச்சுன்னா நான் கத்தியை வைஞ்சுக்கிட்டு இருந்துருவேன். நீ சொல்றபடி பாத்தா, ஒரு காயிதத்துக்காக அவுகளே என்னைய விட்டுட்டுப் போனாகன்னு ஆகுது. நான் எப்படித்தா இருக்கிறது?”

அன்றிலிருந்து மதினி என்னோடு பேசுவதில்லை. எதிரே வந்தால் முந்தானையை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஒதுங்கிப் போகிறார். கரப்பான் வந்த காலத்தில் முதல்முதலாக எனக்கு வீட்டுத் தட்டில் சோறு போட்டவர் அவர்தான் அண்ணே.

நான் நிறுத்தவில்லை. உங்கள் பெயரைக் கெடுத்துக்கொண்டேதான் இருக்கிறேன். மதினி இருக்கிற தெருவில் மட்டும் வாயைத் திறப்பதில்லை, என்னால் செய்ய முடிந்த மரியாதை அவ்வளவுதான். இன்று காலையிலும் சித்தன்னவாசல் பக்கத்திலிருந்து ஒருத்தி வந்தாள், வலது பக்கம், காய்ச்சல், வாந்தி. உங்களைப் பற்றிச் சொன்னேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், பிள்ளையை மாமியாரிடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிப் போயிருக்கிறாள். என்ன ஆயிற்றென்று இன்னும் தகவல் இல்லை.