நாவல்குளத்தில் நடக்காத விழா

மயூர் விஹார், தில்லி
பிப்ரவரி 9

சௌபாக்கியவதி ஜ்யோத்ஸ்னாவுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம்.

முழங்காலைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நான் இங்கே சௌக்கியம். மெல்பர்னில் நீயும் மாப்பிள்ளை ஹரிஷங்கரும் குழந்தைகளும் அதைவிட சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். பனிமூட்டம் விலகிவிட்டது, பதினொரு மணிக்கு மேல் பால்கனிக்கு வெயில் வருகிறது, அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் நீ பேசியதற்கு நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன் என்று உனக்கு வருத்தம் இருக்கும். கோபத்தில் பேசினால் வாக்கியம் சரியாக வராது என்பதால்தான் வைத்தேன். இப்போது கோபம் அப்படியே இருக்கிறது, வாக்கியம் மட்டும் சரியாகிவிட்டது. தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்தால் கான்வென்டில் பழகிய கை தானாகவே பணிவுக்குப் போய்விடுகிறது, இரண்டாவது வரியிலேயே வருந்துகிறேன் என்று வந்து நிற்கிறது. தமிழில் நீ மெதுவாகத்தான் படிப்பாய், சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் சமையலறைத் தரையில் சாக்பீஸால் எழுதி நான் சொல்லிக்கொடுத்த தமிழ் அது. மெதுவாகவே படி.

நீ என்ன சொன்னாய் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு நான் திரித்துவிட்டேன் என்று சொல்லக்கூடாது. "அம்மா, ஒரே ஒரு லைன்தானே, ஸாரின்னு எழுதிக் குடுத்தா குறைஞ்சா போயிடுவே?" என்றாய். அதுகூடப் பரவாயில்லை. அதற்குப் பிறகு, "வயசாயிடுத்து, வெயில்ல தலை சுத்தியிருக்கும்னு நானே வேதாந்தம் மாமாகிட்ட சொல்லிடறேன், அவாளுக்குப் புரியும்" என்றாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எனக்குத் தலை சுற்றவில்லை. அன்று காலை இட்லி சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு, தொப்பியும் வைத்துக்கொண்டிருந்தேன். உன்னிடம் வந்து சேர்ந்த கதை வேதாந்தம் சொன்ன கதை. நடந்ததை நடந்தபடி நான் எழுதுகிறேன், பிறகு நீயே சொல்.

உங்கள் பழைய மாணவர் சங்கத்தில் நீயும் உன் தோழிகளும் யோசனை சொல்லித்தான் பள்ளிப் பிள்ளைகள் இலங்கைக்குச் சேவை செய்யப் போனார்கள், நல்ல யோசனைதான், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. தமிழ் பேசத் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும் என்று பள்ளி டிரஸ்ட் செயலாளர் வேதாந்தமே வீட்டுக்கு வந்து கேட்டார், நீ வேண்டாம் என்று தடுத்தாய், எழுபத்தாறு வயதில் கீழே விழுந்தால் யார் பார்ப்பார்கள் என்றாய், நான் போனேன், விழவில்லை. கிளம்புவதற்கு முன் நடந்த கூட்டத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் அரிசி, பருப்பு, சர்க்கரை கட்டிக் கொடுப்பதாக முடிவு செய்தார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டீர்களா என்று நான் கேட்டேன். "கிராமம்னா அரிசிதானே மாமி" என்றார் வேதாந்தம். எல்லோரும் சிரித்தார்கள். நான் சரோஜினி நகருக்குப் போய்ப் பேரம் பேசிப் பிள்ளைகளுக்குத் தொப்பி வாங்கி வந்தேன்.

குடியரசு தின விடுமுறையை ஒட்டிக் கொழும்பு போய், அங்கிருந்து பஸ்ஸில் வவுனியா தாண்டி நாவல்குளம் போய்ச் சேர்ந்தோம். கண்ணுக்கெட்டிய தூரம் முற்றிய நெல். ஜ்யோத்ஸ்னா, நாங்கள் நெல் அறுக்கிற ஊருக்கு, நெல் அறுக்கிற வாரத்தில், பக்கத்து டவுன் கடையில் வாங்கிய அரிசியைத் தானம் கொடுக்கப் போயிருந்தோம். அந்த அரிசி அதே வயலில் போன வருஷம் விளைந்ததாகக்கூட இருக்கலாம். அந்த ஊர் மனிதர்கள் சிரிக்கவில்லை. பிள்ளைகள் பாலர் பள்ளிக்கு வேலி கட்டினார்கள், சுவருக்கு வெள்ளையடித்தார்கள், உண்மையாகவே வேலை செய்தார்கள், அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் மூன்று வேளையும் எங்களுக்குச் சமைத்துப் போட்டதும், கிணற்றிலிருந்து குளிக்கத் தண்ணீர் எடுத்து வைத்ததும், பெண் குழந்தைகளுக்குத் தங்கள் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்ததும் அறுவடை வேலை தலைக்கு மேல் இருந்த அந்தப் பெண்கள்தான். யார் யாருக்குச் சேவை செய்கிறார்கள் என்று இரண்டாம் நாளே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

நான் தங்கியிருந்தது சிவபாக்கியம் என்ற பெண்ணின் வீட்டில். ஐம்பது வயதிருக்கும், ஊர் மாதர் சங்கத்தின் தலைவி, குரல் கணீரென்று இருக்கும். அரிசி கொடுக்கிற விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் கொல்லையில் நின்று ஃபோனில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஒட்டுக்கேட்கக்கூடாது என்று கான்வென்டில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், ஆனால் அவள் குரலுக்குக் காதைப் பொத்திக்கொண்டாலும் கேட்கும். "அண்ணை, ஒரு நாள் பொறுங்கோவன். இந்தியாவில இருந்து பிள்ளையள் வந்திருக்குதுகள், நாளைக்கு விழா ஒண்டு வச்சிருக்கினம். நாங்கள் போகாட்டி அதுகளின்ர மனம் நொந்து போகும், பாவம்" என்றாள். பாவம் என்று அவள் சொன்னது எங்களை. நான் போய்க் கேட்டேன். முதலில் சொல்லவில்லை, "நீங்கள் ஒண்டும் யோசிக்காதேங்கோ அம்மா, தூரத்தில இருந்து வந்தனீங்கள்" என்று மழுப்பினாள். விடாமல் கேட்ட பிறகு விஷயம் வந்தது. அங்கே நெல் அறுப்பது வாடகை மெஷின், அவள் கெஞ்சியது அதன் சொந்தக்காரரிடம். அது ஊர் ஊராக முறை வைத்து வரும். நாளைக் காலை நாவல்குளத்தின் முறை, அது முடிந்ததும் மல்லாவிப் பக்கம் போய்விடும். வயல்காரர்கள் நின்று வரம்பைக் காட்ட வேண்டும், மூட்டை பிடிக்க வேண்டும், ஆள் இல்லாத வயலில் அது இறங்காது. முறை தவறினால் மறுபடி வரப் பத்து நாளோ பதினைந்து நாளோ ஆகும், வானமோ கறுத்துக்கொண்டிருந்தது. நெல் நனைந்து சாய்ந்தால் ஒரு வருஷத்துச் சோறு போய்விடும். இதெல்லாம் தெரிந்தும் ஊர் முழுக்கக் கூடிப் பேசி, விழாவுக்கு வருவதென்று முடிவு செய்திருந்தார்கள். விருந்தாளிகள் முகம் வாடக்கூடாதாம்.

நான் முறைப்படி முதலில் வேதாந்தத்திடம்தான் போனேன், இதை அவர் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டார். விழாவைச் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள் என்றேன். விழாவுக்குத் தலைமை தாங்கக் கொழும்பிலிருந்து ஒரு பிரமுகர் கிளம்பிவிட்டார், சாயங்காலம் அவருக்கு வேறு நிகழ்ச்சி, வீடியோ எடுப்பவனும் காலைக்குத்தான் பேசியிருக்கிறான், "ரெண்டு மணி நேரம்தானே மாமி, அட்ஜஸ்ட் பண்ணிப்பா" என்றார். வேதாந்தம் கெட்டவர் இல்லை. உன் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது தினமும் காரில் கொண்டுவிட்டவர் அவர்தான், அதை நான் மறக்கவில்லை. ஆனால் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள வேண்டியது எப்போதும் எதிராளிதான் என்று நினைக்கிற பழக்கம் அவருக்கு உண்டு.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு ஊரே குளித்து, நல்ல உடை உடுத்தி, நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. மேடை, பேனர், அடுக்கிவைத்த அரிசிப் பைகள் எல்லாம் தயார். பிரமுகர் வரவில்லை, வழியில் இருக்கிறார் என்றார்கள். ஒன்பது மணி ஆயிற்று. வரவேற்புரை நான்தான் சொல்ல வேண்டும், மைக் பக்கத்தில் நின்றிருந்தேன். அப்போது குளக்கரைப் பக்கமிருந்து மெஷின் சத்தம் கேட்டது. ஜ்யோத்ஸ்னா, அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை தலையும் ஒரே சமயத்தில் அந்தப் பக்கம் திரும்பியது. பிறகு அத்தனை தலையும் மரியாதையாக மேடையைப் பார்த்துத் திரும்பிவிட்டது. அந்த இரண்டாவது திருப்பத்தை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. மைக்கை எடுத்தேன். "எல்லோருக்கும் வணக்கம். விழா முடிந்தது. உங்கள் வயலுக்கு மெஷின் வந்துவிட்டது, போய் வேலையைப் பாருங்கள். வந்ததற்கு நன்றி" என்றேன். யாரும் அசையவில்லை, எழுந்தால் எங்களுக்கு அவமரியாதை என்று சிவபாக்கியத்தையே பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். "அம்மா சொல்லிப்போட்டா, எழும்புங்கோ!" என்று அவள் ஒரு குரல் கொடுத்தாள் பார், நாற்காலி சரிகிற சத்தம்தான் கேட்டது. பெரியவர் ஒருவர் செருப்பை நாற்காலிக்கடியில் விட்டுவிட்டே ஓடினார். நம் பிள்ளைகள் "மேம், அப் க்யா கரேன்?" என்று அடுத்து என்ன செய்வதெனத் தெரியாமல் விழித்தார்கள். என்னைக் கேட்காதே, அவர்களைப் போய்க் கேள் என்று வயலைக் காட்டினேன். போனார்கள். தேநீர் தூக்கிக்கொண்டு போனார்கள், மூட்டை கட்டக் கயிறு பிடித்தார்கள், சாயங்காலம் தார்ப்பாயில் நெல்லைப் பரப்பிக் காலால் துழாவினார்கள்.

பிரமுகர் பத்து மணிக்கு வந்தபோது காலி நாற்காலிகளும், ஒரு ஜோடி செருப்பும், பேனரின் நிழலில் தூங்கிய நாயும், நானும், வேதாந்தமும்தான் இருந்தோம். "மானத்தை வாங்கிட்டேளே மாமி" என்றார் வேதாந்தம். அந்தப் பிரமுகர் ஒரு டீ குடித்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். அவரைப் பார்த்தால் அவருக்கு அது நிம்மதியாகவே இருந்தது போலத் தோன்றியது. நாங்கள் கொழும்புக்குத் திரும்பிய அன்று அங்கே கொட்டித் தீர்த்ததாம் மழை. மழை வந்ததால் நான் செய்தது சரி என்று எழுதவில்லை. சொட்டுத் தூறல் விழாமல் போயிருந்தாலும் சரிதான்.

இங்கே வந்தால் ஸ்நேகாவின் அம்மா ஃபோன் செய்கிறாள். ஸ்நேகா பிளஸ் டூ படிக்கிற பெண், குழுவிலேயே நன்றாக வேலை செய்தவள். "ஆன்ட்டி, அமெரிக்கால காலேஜ் அப்ளிகேஷனுக்கு ஒரு ஃபோட்டோகூட இல்லையே, குடுக்கற மாதிரி ஒண்ணாவது எடுத்திருக்கலாமே" என்று புலம்பல். ஒரு ஃபோட்டோ இருக்கிறதே என்றேன், ஸ்நேகா நெல் மூட்டை மேல் வாயைத் திறந்தபடி தூங்குகிற படம். அது வேண்டாமாம். அடுத்தது டிரஸ்டிலிருந்து, நான் கையெழுத்துப் போட வேண்டிய மன்னிப்புக் கடிதத்தை அவர்களே தயாரித்து அனுப்பியிருந்தார்கள். முதிய வயதினாலும் வெப்பத்தினாலும் நிதானம் தவறியதாக அதில் நான் சொல்கிறேன். ஜனவரியில் என்ன வெப்பம்? ஆங்கிலத்திலும் பிழைகள் இருந்தன, சிவப்பு மையில் திருத்தி, கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிவிட்டேன். திருச்சி கான்வென்டில் எங்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதுவது ஒரு பாடமாகவே இருந்தது, நானும் எத்தனையோ எழுதியிருக்கிறேன். ஆனால் செய்யாத தப்புக்கு எழுதினால் அது பொய் சாட்சி, அதற்குத் தனித் தண்டனை உண்டு என்று சிஸ்டர் சொல்வார். அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

மன்னிப்புக் கேட்காதவரை பள்ளி நூலகப் பொறுப்பிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்று அதற்குப் பதில் வந்தது. ஃபோனில் நீ எதற்காக அழுதாய் என்று எனக்குத் தெரியும். ரிடையர் ஆன நாளிலிருந்து என் காலைப் பொழுது அந்த அறையில்தான். வாசலில் அப்பா பெயர்ப் பலகை, உள்ளே அப்பாவின் புத்தகங்கள், ஓரத்தில் பென்சிலால் அவர் சண்டை போட்டிருக்கிற குறிப்புகள். அதைவிட்டு எப்படி இருப்பாய் என்று கேட்டாய். கஷ்டமாகத்தான் இருக்கும், இல்லை என்று சொல்லமாட்டேன். வியாழக்கிழமை நானே போய்ச் சாவியை ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு புத்தகத்தைக்கூட எடுத்து வரவில்லை. பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதானே கொடுத்தோம், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்காகக் கொடுக்கவில்லையே. அப்பாவும் இதைத்தான் செய்திருப்பார். இதை உன் அண்ணன் ஜெயகிருஷ்ணனிடமும் சொல்லிவிடு, அவனுக்குத் தனியாக எழுதக் கை வலிக்கிறது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. எனக்காக நீ யாரிடமும் சமாதானம் பேசாதே. போன வருஷம் பிளாட் சங்கத்தோடு தண்ணீர்த் தொட்டி விஷயத்தில் சண்டை வந்தபோது, என் மின்னஞ்சலிலிருந்து எனக்குத் தெரியாமல் பணிவாக ஒரு பதில் போனது. அவ்வளவு பணிவு எனக்கு வராது என்று அப்போதே எனக்குத் தெரியும், நீ என்னைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டாய், நானும் கேட்கவில்லை. இந்தத் தடவை அப்படி நடக்கக்கூடாது. நீ அமைத்துக் கொடுத்த கடவுச்சொல்லை நேற்று மாற்றிவிட்டேன். அடுத்த வீட்டுக் கௌதமன் எப்படி என்று காட்டினான், புதுச் சொல்லை டைப் செய்யும்போது அவனைத் திரும்பி நிற்கச் சொன்னேன். நீ யோசித்துக் கண்டுபிடிக்க முடியாத சொல், வீண் முயற்சி வேண்டாம்.

நான் கிளம்பும்போது சிவபாக்கியம் ஒரு பை புது அரிசி கொடுத்தாள், வேண்டாம் என்றால் கேட்கவில்லை. நேற்று அதில் பொங்கல் வைத்தேன், குழைந்து நன்றாக வந்தது, கீழ்வீட்டுக்கும் கொடுத்தேன். மீதியை டப்பாவில் போட்டு மூடி உனக்காக வைத்திருக்கிறேன். உங்கள் ஊர் ஏர்போர்ட்டில் அரிசி உள்ளே விடமாட்டார்கள், ஆகையால் சொன்னபடி டிசம்பரில் வந்து இங்கேயே சாப்பிடு. குழந்தைகளுக்கு இருமல் மருந்தை அளந்து கொடு, கண்ணளவில் ஊற்றாதே. மாப்பிள்ளையை இரவில் கார் ஓட்டும்போது ஃபோனில் பேச வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். எல்லோரும் நீண்ட ஆயுளோடும் ஆரோக்கியத்தோடும், தலை நிமிர்ந்தும் இருக்க வேண்டும்.

வெயிலாலும் வயதாலும் எந்தப் பாதிப்பும் இல்லாமல், நல்ல நினைவுடனும் சுய புத்தியுடனும் எழுதிக் கையெழுத்திடும்,

உன் அம்மா
விசாலாக்ஷி சேஷன்