இரண்டு பெடல் வண்டி

7 ஜனவரி 2024, ஞாயிறு

மூன்று வருட வேலைக்குப் பிறகு இன்று வண்டியை ஊருக்குள் எடுத்துப் போனேன். கணபதியிலிருந்து பீளமேடு வரை. வழியெல்லாம் பைக்கில் போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். 1971 எம்.ஜி.பி. கூரையில்லாத ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே இருக்கை, கடுகு மஞ்சள்.

வரதராஜுலு அண்ணாவின் மூடிய மில் வளாகத்தில்தான் பழைய கார்க்காரர்கள் மாதாமாதம் கூடுவது. அவருடைய சிவப்பு எம்.ஜி.பி. நடுவில் நின்றது. என்னுடையதைச் சுற்றியும் முதலில் ஏழெட்டுப் பேர் கூடினார்கள். ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, ஆட்டோமேட்டிக்குங்களா?"

ஆமாம் என்றேன். அவ்வளவுதான். "அரிசிம்பருப்புச் சோத்துல பருப்பே போடாத மாதிரியில்லீங்க இருக்குது" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்துக்கொண்டே அடுத்த காருக்கு நகர்ந்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய? கியர் போடாமல் ஓட்டுவதற்கு ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று நானே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். ஆட்டோமேட்டிக் என்று யாரும் சீந்தாததால்தான் இந்த வண்டி என் விலைக்கு எட்டியது.

அண்ணா தோளில் தட்டினார். "விடு மூர்த்தி. நாலு கியர் பாக்ஸ் ஒண்ணு இங்கிலாந்துல சொல்லி வெச்சிருக்கறேன். வந்துட்டா மாத்திப்போடலாம். அப்பறம் ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான்."

திரும்பி வரும்போது கியர்க் கம்பியின் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு வந்தேன்.

19 ஜனவரி

சாயங்காலம் ஷூவைக் கழற்றினால் சாக்ஸ் முழுக்க ரத்தம். என் பட்டறை லேத்தில் சீவி விழுந்த இரும்புச் சுருள் ஒன்று ஷூவைத் துளைத்து இடது உள்ளங்காலில் ஏறியிருக்கிறது. காலையிலிருந்து அதன் மேலேயே நின்று வேலை பார்த்திருக்கிறேன்.

"வலிக்கலீங்களா?" என்றாள் என் மனைவி பிரியா.

இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கழுவி மருந்து வைத்துக் கட்டினாள். நாளைக்கே டாக்டரிடம் போகோணும் என்றாள். பம்ப் கம்பெனி ஆர்டர் முடியட்டும் என்றேன். சர்க்கரைக்காரனுக்கு ஆர்டர் முக்கியமா என்று கேட்டாள்.

2 பிப்ரவரி

ஆஸ்பத்திரி. காய்ச்சல். இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். கட்டுப் பிரிக்கும்போது வந்த நாற்றம் என்னுடையது என்று நம்பவே முடியவில்லை. மேலே ஏறுகிறது என்கிறார் டாக்டர். கையெழுத்துப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். பிரியா வராந்தாவில் நின்று அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

6 பிப்ரவரி

இடது கால். முட்டிக்குக் கீழே.

25 பிப்ரவரி

வீடு. இல்லாத பாதத்தில் அரிப்பு. இரும்பு குத்தியபோது ஒன்றும் தெரியவில்லை, இப்போது என்னடா என்றால் தெரிகிறது. இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

பட்டறையில் லேத் சத்தம் இல்லை. இருந்த ஆளை அனுப்பியாயிற்று. நின்று பார்க்கிற வேலை அது.

21 மார்ச்

மரப்பெட்டி வந்து இறங்கியது. கியர் பாக்ஸ். நாலு கியர், கிளட்ச், கிளட்ச் பெடல், எல்லாம். அண்ணா சொல்லி வைத்தது எப்போது, வந்தது எப்போது பார். இறக்கிய ஆட்கள் "எங்கீங்க வெக்கறது?" என்றார்கள்.

எங்க வெச்சா என்ன. எந்தக் கால்ல மிதிக்கப்போறேன் கிளட்ச்ச? சொல்லுங்கடா, எந்தக் கால்ல?

வாய்விட்டுச் சொல்லவில்லை. கார் பக்கத்தில் வைக்கச் சொன்னேன்.

14 ஏப்ரல்

வருஷப்பிறப்பு. பிரியா பாயசம் வைக்கவில்லை. கேட்கவுமில்லை நான்.

9 மே

செயற்கைக் கால் இன்னும் பொருந்தவில்லை. பத்தடி வைத்தால் தோல் உரிகிறது. வண்டியை விற்றுவிடலாம் என்று நானேதான் அண்ணாவிடம் சொன்னேன். இன்று ஒரு ஆளை அழைத்துவந்தார். பெங்களூர்க்காரர். வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்தார், கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். என்னோடு பேசும்போது மட்டும் என் முட்டியைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்.

"பாடி நல்லா இருக்குதுங்க. இந்த ஆட்டோமேட்டிக்க எடுத்துப் பழைய இரும்புக்கடைக்குப் போட்டுட்டு, பெட்டில இருக்கறத மாட்டிக் குடுத்தா நான் எடுத்துக்கறேன்."

சரி என்று தலையாட்டினேன். இதையேதான் நானும் செய்ய இருந்தேன். பின்னே ஏன் சுருக்கென்றது?

10 மே

எழுதிவிட வேண்டும்.

காலையில் பிரியா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாங்குகிறவர் வருவதற்குள் சுத்தமாக இருக்கட்டும் என்று. நான் சக்கர நாற்காலியில், ஷெட் வாசலில். உள்ளே ஏறி உட்கார்ந்து பெடல்களைத் துடைத்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஏனுங்க, இதுல ரெண்டே பெடல்தான இருக்குது?"

"ஆமா. கிளட்ச் இல்லை."

"அப்ப இடது காலுக்கு இதுல என்ன வேலைங்க?"

கோபம் வந்துவிட்டது. "தொடைக்கிற வேலையப் பாத்துட்டுப் போ" என்று கத்தினேன். அவள் துணியை வாளியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டரை மாதமாக இந்த வண்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு திருகாணியும் என் கையால் கழற்றி மாட்டியது. ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லையே. தோன்றாது. ஏனென்றால் இதை நான் ஒரு காராகவே நினைத்ததில்லை. வேறொரு காராக மாறப்போகிற ஒன்று என்றுதான் வைத்திருந்தேன்.

12 மே

பிரியா தூக்கி உட்காரவைத்தாள். செயற்கைக் காலைக் கழற்றி அவள் மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பி, கியர்க் கம்பியை முன்னால் போகிற 'டி'யில் போட்டு, பிரேக்கிலிருந்து வலது காலை எடுத்தேன். தானாக நகர்ந்தது. பட்டறை வாசலைச் சுற்றி ஒரு வட்டம். இன்னொரு வட்டம்.

"போதுமுங்க" என்றாள். அழுதுகொண்டிருந்தாள். நானும்தான்.

பெங்களூர்க்காரருக்குப் போன் பண்ணி இல்லை என்று சொல்லிவிட்டேன்.

18 ஜூன்

லைசென்ஸ் கையில். மருத்துவச் சான்றெல்லாம் பார்த்து, ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்து, இந்த மாதிரி வண்டி மட்டும்தான் ஓட்டலாம் என்று கொடுத்தார்கள்.

23 ஜூன்

சிறுவாணி ரோட்டில் ஆலாந்துறை தாண்டி, பாக்குத் தோப்புகள் வரை. நானும் அவளும். தூறல். கூரைத் துணியைப் போடவில்லை.

இந்த வண்டியைப் பற்றி எழுத வேண்டும். அண்ணாவின் சிவப்பு வண்டியை நிறைய ஓட்டியிருக்கிறேன். அதில் எப்போதும் ஏதாவது செய்துகொண்டே இருக்கவேண்டும். இழு, மிதி, விடு, மறுபடி மிதி. பெருமையாக இருக்கும். ஆனால் ரோடு பார்த்த ஞாபகமே இருக்காது. இதில் அப்படியில்லை. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது ஒரு சின்னத் தயக்கம், வாசலில் நின்று செருப்பைக் கழற்றுகிற விருந்தாளி மாதிரி. அப்புறம் உள்ளே வந்துவிடும். மேட்டில் மூச்சு வாங்கும். அவசரப்படுத்தினால் இன்னும் மெதுவாகும். காலை லேசாக வைத்து அதன் போக்கில் விட்டால், எஞ்சின் அடித்தொண்டையில் பேசிக்கொண்டு வருகிறது. வளைவுகளில் இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருக்கிறது. ஈர மண் வாசனை வருகிறது, பிரியா ஏதோ சொல்வது காதில் விழுகிறது.

குறை இல்லை என்று சொல்லவில்லை. இது வேகமான வண்டி இல்லை. பந்தய வண்டியும் இல்லை. ஆனால் கெட்ட வண்டி என்று சொன்னோமே, அது பொய்.

7 ஜூலை, ஞாயிறு

மில் வளாகத்துக்குப் போனேன். போயிருக்கக் கூடாது. எல்லாரும் சுற்றி வந்து கைகொடுத்தார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம்.

அண்ணா சத்தமாகச் சொன்னார்: "பாத்தீங்களா, கால் இல்லாதவனுக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச வண்டி!"

அன்பாகத்தான் சொன்னார். அவர் முகத்தில் கள்ளம் இல்லை. ஆனாலும் உடனே கிளம்பிவிட்டேன்.

வீட்டில் வந்து யோசித்தேன். 1971-ல் யாரோ ஒருவர் கடைக்குப் போய், எல்லாரும் கியர் வண்டி கேட்கும்போது, எனக்கு இது வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறார். பணத்தைக் கொட்டி ஆட்டோமேட்டிக் வாங்கிய முட்டாள் என்று அந்த முகம் தெரியாத ஆளை எத்தனை தடவை திட்டியிருப்பேன். அவருக்கு முட்டி சரியில்லையோ என்னவோ. போரில் காலை விட்டவரோ. இல்லை, கால் நன்றாக இருந்து, சும்மா சாவகாசமாகப் போகப் பிரியப்பட்டவராகவும் இருக்கலாம். வேண்டாத வண்டி என்று ஒன்று செய்வார்களா? யாருக்கோ வேண்டியிருந்திருக்கிறது.

16 ஜூலை

அண்ணா வீட்டுக்கு வந்தார். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை, அது அவருக்கு வராது. சாவி கேட்டார். துடியலூர் வரை ஓட்டிவிட்டு வந்தார். வந்தும் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"டிராபிக்ல கிளட்ச் மிதிச்சு மிதிச்சு முட்டி போச்சு மூர்த்தி. சிவப்பு வண்டிய இப்ப வேற எங்கயும் எடுக்கறதில்ல. மாத்திரை போட்டுட்டுத்தான் மில்லுக்கே எடுத்துட்டு வாரேன்." சாவியை நீட்டிக்கொண்டே, "யார்கிட்டயும் சொல்லிப்போடாத" என்றார்.

29 ஆகஸ்ட்

வலது கண்ணில் நூல் நூலாகக் கறுப்பு மிதக்கிறது. புகைக்கரி மாதிரி. கண்ணைக் கசக்கினால் இடம் மாறுகிறது. பிரியாவிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரி என்பாள்.

11 செப்டம்பர்

ஒரு மனுசனத் தள்ளிப்போட்டேன்.

காலையில், கணபதி பஸ் ஸ்டாப் தாண்டி. வலது பக்கச் சந்திலிருந்து மொபெட்டில் வந்திருக்கிறார். எனக்குத் தெரியவே இல்லை. கண்ணில் கரியாக இருந்த இடத்தில் ஆள் இருந்திருக்கிறார். சத்தம் கேட்டபிறகுதான் பிரேக். அவர் மேல் ஏறவில்லை — ஏறவில்லை. மொபெட்டில் கட்டியிருந்த கீரைக்கட்டெல்லாம் ரோட்டில். மணிக்கட்டு முறிந்துவிட்டது. பெயர் கருப்புசாமி. என்னைவிடப் பெரியவர். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு முடிக்கும்வரை நானும் பிரியாவும் கூடவே இருந்தோம், செலவும் நாங்கள்தான். அவர் சத்தம் போடவில்லை. போலீஸ் என்றும் சொல்லவில்லை. நான் ஊன்றுகோலோடு அவர் முன் நின்று கண் சரியில்லை என்றேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"கண்ணு தெரியலைன்னா எதுக்குங்க ஓட்டறீங்க?"

எதுக்குங்க ஓட்டறீங்க. எதுக்கு. கால் போனப்பறம் கெடச்சது இது ஒண்ணுதான்னு அவர்கிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா மட்டும் அவர் கை ஒட்டிக்குமா?

13 செப்டம்பர்

இரண்டு கண்ணிலும் உள்ளே ரத்தக் கசிவு. எல்லாம் சர்க்கரை. கண்ணுக்குள்ளேயே ஊசி போடுவார்களாம். இனி ஓட்டக் கூடாது. டாக்டர் சொல்வதற்கு முன்பே சாவியைப் பிரியா கையில் கொடுத்துவிட்டேன்.

2 அக்டோபர்

கருப்புசாமியைப் போய்ப் பார்த்தோம். கையில் இன்னும் கட்டு இருக்கிறது. அவர் மனைவி காபி கொடுத்தார். குடிக்க முடியவில்லை, குடித்தேன்.

20 அக்டோபர்

வண்டியை விற்றுவிடு என்றேன். பிரியா அரிசி கழுவிக்கொண்டே கேட்டாள்:

"நான் ஓட்டப் பழகட்டுமுங்களா?"

பத்து வருடம் முன்னால் டிரைவிங் ஸ்கூல் போய், கிளட்ச்சுக்குப் பயந்து பாதியில் விட்டவள். "ஸ்கூட்டி மாதிரித்தான இது? முறுக்கறதுக்குப் பதிலா மிதிக்கோணும். அவ்வளவுதான?"

அவ்வளவுதான் என்றேன்.

24 நவம்பர்

என் எழுத்து வரி விட்டு வரி ஏறுகிறது என்கிறாள். பெரிதாக எழுதுகிறேன். பட்டறை வாசலில் வட்டம் போடுகிறாள். நான் வாசலில் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்கிறேன். கால் அழுத்தம் அதிகம் என்றால் இங்கிருந்தே தெரிகிறது. "மெதுவா, மெதுவா" என்று கத்துகிறேன். "மெதுவாத்தானுங்க போகுது!" என்று அவளும் கத்துகிறாள். இந்த வீட்டில் இவ்வளவு சத்தம் கேட்டு நாளாயிற்று.

22 ஜனவரி 2025

இது சண்முகப்பிரியா எழுதுவது. அவர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் என்னுடையது.

லைசென்ஸ் வந்தபின் முதல் தடவையாக இன்று நானே ஓட்டிக்கொண்டு அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வலது கண்ணில் மறுபடி ஊசி. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை நான் இங்கே எழுதலாம், அவரால் படிக்க முடியாது. ஆனாலும் எழுதவில்லை.

திரும்பும்போது நேரே வீட்டுக்கு வேண்டாம், அன்னூர் ரோட்டில் கொஞ்சம் போகலாம் என்றார். கண்ணில் கட்டோடு இடது சீட்டில் உட்கார்ந்திருந்தார். காற்று அடிக்கட்டும், கூரைத் துணியைப் போடாதே என்றார்.

"என்ன தெரியுது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். சோளத்தட்டுப் போர், ஒரு செங்கல் சூளை, முன்னால் ஒரு டவுன் பஸ் என்றேன்.

"பஸ்ஸ எவ்வளவு நேரமா முன்னால வெச்சுட்டு வார? தாண்டு."

"பயமா இருக்குதுங்க."

"எதுக்க ஏதாச்சும் வருதா?"

"இல்லீங்க."

"அப்ப நல்லா மிதி. இந்த வண்டி கொஞ்சம் யோசிக்கும். யோசிக்கட்டும். நீ காலை எடுத்துப்போடாம இரு."

மிதித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உள்ளே ஏதோ மாறியது, சத்தம் உயர்ந்தது, முதுகு சீட்டில் ஒட்டியது. பஸ்ஸின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. அவர் என் பக்கம் திரும்பாமல், தலையைச் சாய்த்து எஞ்சினையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"தாண்டியாச்சா?"

"தாண்டியாச்சுங்க."

"இப்ப என்ன தெரியுது?"

"ரோடுதானுங்க" என்றேன்.