இருபது நிமிடத் தண்ணீர்

அன்பு மகன் ஜெயரூபனுக்கு,

நீர்வேலியிலிருந்து அம்மா எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் நானும் தங்கச்சி கோபிகாவும் சுகம், நீயும் அந்தக் குளிருக்குள் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். போனில் கதைத்தால் இடையில் விழுந்து என்னை வெல்லப் பார்ப்பாய், அதனால்தான் எழுதுகிறேன், கோபிகா படமெடுத்து அனுப்புவாள்.

எங்கள் பங்குக் கிணற்றுச் சங்கதிதான். இராசமலர் தன் புருஷனுக்குப் பாரிசவாதம், ஒரு பக்கம் விழுந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் நின்றதால் இறைப்பு முறையைத் தவற விட்டாள். தவறிய முறை போனதுதான், நாளுக்கொரு முறையாகச் சுற்றி அடுத்தது பன்னிரண்டு நாள் கழித்து என்பது கிணற்று வழக்கம், உனக்குத் தெரியும். இந்த வெயிலுக்குக் கிணற்றில் உபரியாக ஒரு வாளி இல்லை, ஈரமில்லாத வாழையை முறிக்கிற சோழகக் காற்று வேறு. குலை தள்ளி நிற்கிற முந்நூறு வாழையும் முறிந்தால் அந்தக் குடும்பத்துக்கு வேறு என்ன இருக்கிறது? நான் பங்குகாரரைக் கூப்பிட்டு, என் முறை உன் முறையோடு சேர்த்துப் பதினொரு முறையிலும் இருபது நிமிடம் முன்னதாக இறைக்கிற மிசினை நிற்பாட்டி, அதை இராசமலருக்கு விடுவோம் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். நீதான் போனில், "அம்மா, பதினொரு தோட்டத்திலையும் வாடிறதைக் கூட்டிப் பாருங்கோ, அவவின்ரை வாழையை விடக் கூட வரும்" என்றாய். வரட்டும் ராசா, அந்தக் கூட்டுத்தொகையை எந்த மனிதன் சுமக்கிறான்? என் கத்தரியில் நாலு இலை சுருண்டது, அவ்வளவுதான். பதினொரு பேருக்கு லேசாகத் தலையிடித்தால், அதைக் கூட்டி மாரடைப்பு என்று சொல்வார்களா? இவ்வளவு படித்தவனுக்கு இது விளங்கவில்லையே என்று எனக்குக் கோபம்தான். இராசமலரின் வாழை ஒன்றுகூடச் சரியவில்லை, அதையும் கேட்டுக்கொள்.

ஆனாலும் நான் ஒரு பிழை விட்டேன். எல்லாருக்கும் நாலு மணித்தியால முறை, செபநாயகம் அண்ணை வாங்கியது கால் பங்கு, ஒரு மணித்தியாலம்தான். அதிலும் இருபது நிமிடம் பிடுங்கிவிட்டேன். புதிதாக நட்ட மிளகாய்க் கன்றில் மூன்றில் ஒன்று கருகிக் கிடப்பதை நேற்றுத்தான் கண்டேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "இராசமலரின்ரை கஷ்டத்துக்கு முன்னாலை நான் என்னத்தைச் சொல்லுறது, தங்கச்சி" என்கிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எல்லாரிடமும் ஒரே அளவு எடுத்தேன், எல்லாருக்கும் ஒரே மாதிரி நோகும் என்று நினைத்துவிட்டேன். செய்தது சரி, ஆளைப் பார்த்துச் செய்திருக்க வேண்டும்.

மிச்சக் கன்றும் செவ்வாய்க்கிழமைக்குள் தண்ணீர் காணாவிட்டால் போய்விடும். என் முறையிலிருந்து தருகிறேன் என்றால், "நீ தனிய நிண்டு பாடுபடுறனி, வேண்டாம்" என்று அவர் கையெடுத்துக் கும்பிடுகிறார். செவ்வாயன்று வருவது, அப்பா உன் பெயரில் எழுதிய முறை. செபநாயகம் மாமாவுக்கு நீ போன் எடு. கணக்கொன்றும் கதையாதே, "மாமா, என்ரை முறையிலை ஒரு மணித்தியாலம் எடுங்கோ" என்று மட்டும் சொல்.

பிள்ளையார் உன்னை நோய் நொடி அண்டாமல் காக்கட்டும். காதை மூடித் தொப்பி போட்டுக்கொண்டு வேலைக்குப் போ. திங்களுக்கு முன் போன் எடுக்க மறக்காதே. நீ எடுக்காவிட்டாலும் வாய்க்காலை நான் அவர் பக்கம் வெட்டி விடுவேன், ஆனால் என்னிடமிருந்து என்றால் அந்த மனிதர் அதைத் தலை குனிந்து வாங்க வேண்டி வரும்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா
மீனாம்பிகை