தாழ்ப்பாள் வரைந்தவள்

அக்கா,

இன்று ஆறாம் ஆண்டு வகுப்பில் வண்ணப் புட்டிகளைத் திறந்ததும், அந்த வாடை என்னை உங்களிடம் கொண்டுபோய்விட்டது. சின்னம் வரையும் பாடம் இப்போது என் கையில். நீங்கள் போனபிறகு அதை எடுத்து நடத்த வேறு யாரும் முன்வரவில்லை.

“பேரு அப்பா அம்மா வச்சது. இது நீங்களே ஒங்களுக்கு வச்சுக்கிறது,” என்று சொல்லித்தான் தாள்களைக் கொடுப்பீர்கள். நீ யார், என்னவாகப் போகிறாய் என்பதற்கு ஒரே ஒரு படம். விமானம், ஸ்டெதஸ்கோப், புலி என்று வரும். ஒரு வருடம் தர்ஷினி மட்டும் ஒரு தாழ்ப்பாளை வரைந்திருந்தாள். வேலை செய்த ரப்பர் தோட்டத்தை முதலாளி விற்றபின், ஈப்போவில் நம் சிலிபின் பக்கம் வந்த குடும்பம். அம்மாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை. நான் மார்க்கர் கேட்டு உங்கள் வகுப்புக்கு வந்திருந்தேன். நீங்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “இது எதுக்கும்மா?” என்று கேட்டீர்கள்.

“பெரியாளானதும் உள்ள பூட்டுற மாதிரி ரூம் வேணும் டீச்சர். இப்ப உள்ள கதவு பூட்டாது. மாமா வந்துருவாரு.”

அதற்குமேல் அவள் சொன்னதை நீங்கள் என்னிடம்கூடச் சொல்லவில்லை. தலைமையாசிரியர், “வீட்டு விசயம்லா, நமக்கு ஏன் வம்பு?” என்றார். அன்று மாலையே நீங்கள் போலீசுக்குப் போனீர்கள். மாமாவைப் பிடித்தார்கள். தர்ஷினியைத் தாப்பா என்ற ஊரில் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் சேர்த்தார்கள்.

அவள் அம்மா பள்ளி வாசலில் நின்று, “எம்புள்ளைய எங்கிட்டேருந்து பிரிச்சிட்டீங்களே, நல்லா இருப்பீங்களா?” என்று கத்தினார். நீங்கள் நகராமல் நின்று கேட்டுக்கொண்டீர்கள். உங்களை உடைத்தது அது இல்லை. நாம் இருவரும் பஸ் ஏறித் தாப்பாவுக்குப் போன அன்று, தர்ஷினி அறைக்கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள். அந்தப் பக்கமிருந்தே சொன்னாள்: “ஒங்ககிட்ட மட்டுந்தான சொன்னேன்.”

திரும்பும் வழியில், ஈப்போவில் இறங்கும்போது, “சொல்லாம இருந்திருக்க முடியாது. ஆனா போலீசுக்குப் போறதுக்கு முன்ன அவகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா,” என்றீர்கள். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் அதையேதான் சொன்னீர்கள்.

இன்று ஒரு பெண்பிள்ளை தாளைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் கேட்டாள்: “இத யாருகிட்டயும் சொல்ல மாட்டீங்கதான டீச்சர்?”

“சொல்ல வேண்டியதா இருந்தா, மொதல்ல ஒங்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்,” என்றேன்.

தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு வேறு தாள் கேட்டாள். கொடுத்தேன். முதல் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, ஒரு பட்டாம்பூச்சியை வரையத் தொடங்கினாள்.

நாளை காலை அவள் பக்கத்தில் போய் உட்காரப்போகிறேன், அக்கா. என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை.