டிரைவர் மகளுக்குக் கிடைத்த சீட்

கோபம் குறையாத பிரியத்தோடு அப்பாவுக்கு,

செத்துப்போனவரைத் திட்டக்கூடாது என்கிறார் அண்ணன். திட்டத்தான் எழுதுகிறேன்.

உங்கள் பேத்தி மீராவுக்கு ஸ்கூல் இன்டர்வியூ முடிந்தது. நம் கல்கத்தா அலிப்பூரில் அதே ஸ்கூல்தான். உங்கள் முதலாளி மகள் ரஞ்சனியைத் தினமும் காரில் கொண்டுபோய் விட்டீர்களே, அது. மழை நாளில் என்னையும் முன் சீட்டில் ஏற்றிக்கொள்வீர்கள். சந்து முனை வந்ததும், "யாராவது பாத்து மேடம்கிட்ட சொல்லிட்டா வம்பு. இங்கயே எறங்கிக்கம்மா" என்பீர்கள். முழங்கால் தண்ணீரில் நான் என் கார்ப்பரேஷன் ஸ்கூலுக்கு நடப்பேன். அவளுக்கும் எனக்கும் ஒரே வயசு. அது உங்களை ஒரு நாளும் உறுத்தவில்லையா?

இன்டர்வியூவில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது ரஞ்சனி. என்னை அடையாளம் தெரியவில்லை. பாட்டு, எண்கள், நிறங்கள் எல்லாம் பழகி வந்த மீராவிடம் ஒரு கேள்விகூட இல்லை. எல்லாம் எங்களிடம்தான். என்ன படிச்சீங்க, என்ன வேலை, சொந்த வீடா? நான் துணிக்கடை கவுண்டரில் நிற்கிறேன், வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக் என்றதும் பேனாவை மூடிவிட்டாள். பிறகு, கல்கத்தாவில் தமிழரைப் பார்த்தால் தமிழர் கேட்கும் அந்தக் கேள்வியைப் போகிற போக்கில் கேட்டாள்.

"உங்க அப்பா எந்த ஆபீஸ்ல இருந்தார்?"

"உங்க கார்ல இருந்தார்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. வங்காளிப் பிள்ளைகள் சித்தப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி உங்களைக் 'காக்கு' என்றுதானே கூப்பிடுவாள். "டிரைவர் காக்கு பொண்ணா நீ? முதல்லயே சொல்ல வேண்டாமா! காக்கு ரொம்ப விசுவாசமான மனுஷர். சீட்டை நான் பாத்துக்கறேன்."

விசுவாசமாம். வளர்த்த நாயைப் பற்றிப் பேசுகிற மாதிரி. பார்த்தீர்களா அப்பா? என் பிள்ளைக்குத் தெரிந்தது எதுவும் செல்லவில்லை. நீங்கள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் செல்லுபடியானது. எங்களுக்கு முன்னால் உள்ளே போன எலக்ட்ரீசியன் தொங்கிய முகத்தோடு வெளியே வந்தார். அவர் அப்பா இவர்கள் வீட்டுக் காரை ஓட்டவில்லை. அவர் குழந்தை என்ன செய்யும்?

நன்றி வரும் என்று ரஞ்சனி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் என் கையைக் கிள்ளினார். நான் மீராவைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

இன்று மெசேஜ் வந்தது, சீட் கிடைத்துவிட்டது. வேண்டாம் என்று வீராப்பு பேசி மீராவைத் தண்ணீரில் நடக்கவிட மாட்டேன். ஆனால் அவர்களுக்கு ஒரு கும்பிடு போடமாட்டேன். எங்கள் பங்கையும் சேர்த்து நீங்களே போட்டு முடித்துவிட்டீர்கள். மழை பெய்தாலும் அவளை ஸ்கூல் வாசலிலேயே, எல்லோரும் பார்க்க இறக்கிவிடுவேன். இது சத்தியம்.

சந்து முனையில் இறங்கிய உங்கள் மகள்,
செல்வி