முப்பத்தோராவது வாரம்

மார்ச் 4, செவ்வாய்

உளவியலாளர் உரிமக் குழுவின் படிவம் வந்துவிட்டது. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் உளவியல் முடித்தவர்கள் ஒரு பக்கம் நிரப்பினால் போதும். என் முனைவர் பட்டத்துக்கு அந்த அங்கீகாரம் இல்லை. ஆகவே பயிற்சி வருடத்தின் ஐம்பத்திரண்டு வாரங்களையும் நான் காட்ட வேண்டும். வாராவாரம் ஒரு மணி நேரம் மேற்பார்வையாளரோடு நேரில் உட்கார்ந்தேனா, என்றைக்கு, எத்தனை மணிக்கு. ஒரு வாரம் விட்டாலும் வருடமே செல்லாது. கீழே சத்தியம் செய்து கையெழுத்து. கொலைக் கேஸில்கூட இவ்வளவு கேட்கமாட்டார்கள்.

ஐம்பத்தொரு வரி எழுதிவிட்டேன். முப்பத்தொன்று காலி. என்னிடம் சிகிச்சைக்கு வந்த வெண்டல் செத்துப்போன வாரம்.

மார்ச் 5

இன்றும் எழுதவில்லை.

மார்ச் 8

என் மேற்பார்வையாளர் டாக்டர் ஹால்வர்சனைத் தொலைபேசியில் பிடித்தேன். ஓய்வு பெற்றுவிட்டார். "பார்த்தோம்னு போட்டுடு நோரீன். நானும் கையெழுத்துப் போடறேன். யாரு வந்து தோண்டப் போறா?"

பார்க்கவில்லையே. அந்த வாரம் அவர் மலையில் மான் வேட்டையில் இருந்தார். திங்கட்கிழமை வெண்டல், தன் நாயை யாருக்கோ கொடுத்துவிட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னான். சாகத் தீர்மானித்தவர்கள்தான் பிடித்ததை இப்படிக் கொடுத்துவிடுவார்கள் என்று படித்திருக்கிறேன். டாக்டரை மூன்று தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பயிற்சியில் இருப்பவள் தானாக முடிவெடுக்கக் கூடாது என்பது விதி. காத்திருந்தேன். வெள்ளிக்கிழமை உயிரை முடித்துக்கொண்டான். இருபத்திரண்டு வயது.

பார்த்தோம்னு எழுதினா என்ன அர்த்தம்? ரெண்டு பேரும் உக்காந்து பேசி, பையனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு முடிவு பண்ணோம்னு அர்த்தம். செத்தவன் மேல நானே பொய் எழுதணுமா?

மார்ச் 10, திங்கள்

மூன்று மணி. வெண்டலுடைய நேரம். இப்போதும் அதே கிளினிக், அதே அறை, எனக்கு உதவியாளர் வேலை. எதிர் நாற்காலியில் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இல்லை என்று தெரியும். ஆனாலும் அதில் வேறு யாரையும் உட்கார விடுவதில்லை. மனசுக்கு வைத்தியம் படித்த லட்சணம் இது.

மார்ச் 13

மதியம் சாப்பிட பாஸ்டி, அதான் இறைச்சி அடைத்த ரொட்டி, வாங்கப் போனேன். கல்லாவில் ஆர்லீன், வெண்டலின் அம்மா. உரிமம் எப்போது வரும் என்று விசாரித்தார். பிறகு அவராகவே சொன்னார்: "நீயும் உன் டாக்டரும் சேர்ந்து பார்த்தே முடியலன்னா, அது யாரு தப்பும் இல்லம்மா. அதை நினைச்சுத்தான் தூங்கறேன்."

தலையாட்டிவிட்டு வந்தேன். ஏன் ஆட்டினேன்? பாவி.

மார்ச் 17

ஐரிஷ்காரர்களின் திருநாள்; பியூட் நகரமே பச்சை உடுத்திக் குடித்துக்கொண்டிருந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு தபால் நிலையம் போனேன்.

வாரம் 31 — சந்திப்பு நடக்கவில்லை.

அனுப்பிவிட்டேன்.

மே 2

குழுவின் பதில் வந்தது: தகுதி இல்லை. வேண்டுமானால் இன்னொரு வருடம், வேறொருவரின் கீழே. ஹால்வர்சன் கூப்பிட்டு, என் பெயரையும் கெடுத்துவிட்டாயே என்று கத்தினார். எனக்கு அழுகைகூட வரவில்லை.

மே 5, திங்கள்

மூன்று மணிக்கு அந்த அறையில் இருக்க முடியவில்லை. கடைக்குப் போய் ஆர்லீனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேட்டை, மூன்று அழைப்புகள், நாய், அன்று நான் தலையாட்டியது.

அவர் காகிதப் பையின் வாயை மடித்துக்கொண்டே இருந்தார்.

"அந்த ஆளை மூணு தடவ கூப்பிட்டிருக்க. ரெண்டு தெரு தள்ளி நான் இருந்தேன், நோரீன். என்னை ஒரு தடவ கூப்பிட்டிருக்கலாமே."

பயிற்சியில் இருப்பவளுக்கு விதி அப்படி என்று சொல்ல வாயெடுத்தேன்.